வெல்டிங் ஹெல்மெட்: கண்ணாடியில் பொறித்திருப்பதைப் படித்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயில் பகுதிகளிலும் வெல்டிங் பட்டறை இல்லாத தெருவைக் காண்பது அரிது. சில காலமாக இந்தப் பட்டறைகளில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டோ, வெல்டிங் ராடு இரும்பைத் தொடும் நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டோ வேலை செய்துவந்த இளைஞர்கள், ஆர்க் என்னும் மின்சுடர் பற்றியவுடன் தானாகவே கருத்துவிடும் ‘ஆட்டோ டார்க்கனிங்’ ஹெல்மெட்டுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு பெரிய நிறுவனங்களில் மட்டுமே காணக் கிடைத்த இவை, இன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கே இணையத்திலும் பாரிமுனைக் கடைகளிலும் கிடைக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மண்டை ஓடும் தீப்பிழம்பும் வரைந்த மேலோட்டையும் விலைச் சீட்டையும் பார்த்தே பலரும் வாங்குகிறார்கள் என்பதால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது.

ஆர்க்கிலிருந்து கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் மட்டும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. புற ஊதாக் கதிரைக் கருவிழி உறிஞ்சிக்கொள்வதால் அதன் மேல்பரப்பு புண்ணாகிறது. அடிபட்ட நேரத்தில் வலி தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவருக்கு, 6 முதல் 12 மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தலும் எரிச்சலும் நீர்வடிதலும் தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடுவதால் ‘வெளிச்சம் அடித்துவிட்டது’ என்று சாதாரணமாகச் சொல்லி, மறுநாளே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அகச்சிவப்புக் கதிர் ஆண்டுக்கணக்கில் படுவது கண்புரைக்கு வழிவகுக்கக் கூடும். கடும் வெளிச்சம் விழித்திரையையே சுட்டுவிட்டால் அது முழுமையாக ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது. கண்ணில் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டுவது போன்ற கைவைத்தியங்களும், கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாகவே வாங்கித் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்வதும் புண்ணை மோசமாக்கும். 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது இந்தக் கைவைத்தியச் சோதனைகளுக்குத் தேவையே இல்லை.

அண்மையில் பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றிருந்தேன். ஹெல்மெட் கேட்டு வந்த இளைஞரின் தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, கடைக்காரர் அதன் கண்ணாடிக்கு முன்னால் சிகரெட் லைட்டரைத் தட்டினார். கண்ணாடி சட்டென்று கருத்துத் தெளிந்தது. “பாத்தீங்களா தம்பி, ஒரிஜினல்!” என்றார், இளைஞரும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். லைட்டருக்குக் கருப்பதாலும், வெயிலில் காட்டினால் கருப்பதாலும் தெரியவருவது ஒன்றே ஒன்றுதான்: ஒளியை உணரும் சென்சாரும், அது சொன்னபடி கருக்கும் திரவப்படிகத் தகடும் வேலை செய்கின்றன. அந்தத் தகடு கட்டுப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுப்பது அதனோடு சேர்ந்திருக்கும் தனி வடிகட்டி அடுக்கு. முறையாகச் சோதித்துச் சான்று பெற்ற ஹெல்மெட்டில் அந்த அடுக்கு, கண்ணாடி கருத்திருந்தாலும் தெளிந்திருந்தாலும், பேட்டரியே தீர்ந்துபோனாலும், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மலிவான போலியில் அது சரியாக இருக்கிறதா, இருக்கவே இருக்கிறதா என்பதை லைட்டரோ வெயிலோ காட்டிக்கொடுக்காது. ஆய்வகக் கருவி மட்டுமே சொல்லும். வெளிச்சம் குறைந்திருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி ஒருவர் நாள் முழுவதும் ஆர்க்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டியது, வடிகட்டிக் கண்ணாடியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்களைத்தான். இ.என். 379 என்னும் ஐரோப்பியத் தரநிலைப்படி செய்ததாக இருந்தால் 4/9-13 என்பதுபோல் ஒரு வரிசை தொடங்கும். சும்மா இருக்கும்போது கருமை எண் (எண் கூடக் கூடக் கருமையும் கூடும்) 4, ஆர்க் பற்றியதும் 9 முதல் 13 வரை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அதையடுத்துத் தயாரிப்பாளரின் அடையாளமும், பிறகு 1/1/1/2 என்பதுபோல் நான்கு எண்களும், இறுதியில் தரநிலையின் எண்ணும் இருக்கும். அந்த நான்கில் ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை இருக்கலாம். 1 மிகச் சிறந்தது. முதல் எண் பார்வை வளையாமல் நேராகத் தெரிவதையும், இரண்டாவது மங்கல் இல்லாமையையும், மூன்றாவது கண்ணாடி முழுவதும் கருமை ஒரே சீராக இருப்பதையும் குறிக்கின்றன. நான்காவது எண்ணைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சாய்வாகப் பார்க்கும்போதும் கருமை மாறாமல் இருக்கிறதா என்பதை அது சொல்கிறது. மேசை மேல் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இரும்புக் கேட்டின் அடி மூலையில் குனிந்தும், மாடிப்படிக்குக் கீழே மல்லாந்தும் ராடு பிடிக்கும் நம் பட்டறைத் தொழிலாளி கண்ணாடியின் நடுவே நேராகப் பார்க்கும் நேரம் குறைவு. இப்போது ஐ.எஸ்.ஓ. 16321 என்னும் புதிய தரநிலையும் வந்துவிட்டதால் பொறிப்பின் வடிவம் சற்று மாறியிருக்கலாம். எந்தப் பொறிப்பும் இல்லாமல் அட்டைப்பெட்டியின் மேல் மட்டும் சி.இ. என்னும் ஐரோப்பியக் குறியை அச்சிட்டிருந்தால் அதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நல்ல ஆட்டோ ஹெல்மெட்டுக்குப் பணம் போதாதென்றால் வருந்த வேண்டியதில்லை. நம்பகமான தயாரிப்பாளரின் சாதாரணக் கருப்புக் கண்ணாடி பொருத்திய பழைய வகை ஹெல்மெட், பொறிப்பில்லாத ஆட்டோ ஹெல்மெட்டைவிடப் பன்மடங்கு மேலானது. 60 முதல் 160 ஆம்பியர் வரை ராடு வெல்டிங் செய்பவர்களுக்கு அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் அட்டவணை 10-ஆம் எண் கண்ணாடியையும், 160-க்கு மேல் 250 வரை 12-ஆம் எண்ணையும் பரிந்துரைக்கிறது. அதிகக் கருமையில் தொடங்கி, குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போகாமல், உருகும் குட்டை தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துவருவதே சரியான முறை. கேஸ் கட்டிங்குக்கான கண்ணாடியை ஆர்க் வேலைக்குப் போடக் கூடாது. அதன் கருமை போதாது.

சென்னையின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். திறந்தவெளியில் சென்சாரின் உணர்திறனை அதிகமாக வைத்தால் சூரிய ஒளிக்கே கண்ணாடி கருத்துவிடும். எரிச்சல்பட்டு ஹெல்மெட்டையே கழற்றி வைத்துவிடுவார்கள். உணர்திறனை மாற்றும் திருகு இல்லாத ஹெல்மெட் நமக்குப் பயன்படாது. இரண்டு சென்சார் உள்ளதைவிட நான்கு உள்ளது நல்லது; குறுக்கே கையோ பைப்போ வந்து ஒன்றை மறைத்தாலும் மற்றவை ஆர்க்கைப் பார்த்துவிடும். பேட்டரி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கூரைக்கடியில் தொங்கவிட்டால், அந்தச் சூடு கண்ணாடிக்குள் இருக்கும் மின்னணுப் பகுதியைக் கெடுத்துவிடக் கூடும். நெருப்புப் பொறி தெறித்துப் புள்ளி விழும் வெளிப்புறக் கவர் கண்ணாடி தனியாகக் கிடைக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். அது கிடைக்காமல்தான் பல நல்ல ஹெல்மெட்டுகள் பரணுக்குப் போகின்றன.

ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுச் சுத்தியலால் கசடு தட்டும்போது பறக்கும் சில்லு கண்ணில் பாய்வதைத் தடுக்க, உள்ளே நிறமற்ற பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். பட்டறைகளில் நான் பெரிதும் வருந்தும் காட்சி ஒன்று உண்டு. வெல்டர் ஹெல்மெட் போட்டிருப்பார். ஆங்கிள் இரும்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உதவியாளர் வெறும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். நடைபாதையிலேயே வெல்டிங் நடக்கும் தெருக்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு தடுப்புத் திரைக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

இவை அனைத்தையும் தினக்கூலிக்காரரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அளவுக்கு மீறிய ஒளியால் கண்ணுக்கு ஆபத்து நேரும் வேலைகளில் தடுப்புத் திரையோ தக்க கண்ணாடியோ வழங்கப்பட வேண்டும் என விதி செய்யும் அதிகாரத்தை, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35-ஆவது பிரிவிலேயே மாநில அரசுக்குத் தந்தது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனைப் பட்டறைகளுக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டவில்லை. பட்டறை உரிமையாளர்கள் ஹெல்மெட்டையும், மாற்றுக் கவர் கண்ணாடிகளையும், உதவியாளருக்கு ஒரு கைத்திரையையும் தம் செலவிலேயே வாங்கி வைக்க வேண்டும். வெல்டிங் மெஷின் வாங்கும் செலவோடு இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பற்றவைப்பின்போது கண்ணையும் முகத்தையும் காக்கும் சாதனங்களுக்கென ஐ.எஸ். 1179 என்னும் இந்தியத் தரநிலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தரமணியில் உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகம், பாரிமுனைக் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் ஹெல்மெட்டுகளின் மாதிரிகளை வாங்கி ஆய்வகத்தில் சோதித்து, தேறியவை எவை, தேறாதவை எவை என்ற முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர்,
அம்பத்தூர், சென்னை.