போருக்கும் வாக்கெடுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து வாசிக்கிறேன். தேர்தல் முறை, நியமனங்கள், பதவிக்காலம் என்று பலதும் பேசப்படுகிறது. போர் தொடுக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருகோணமலையில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுக்கிறது. பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. நடைமுறையில் அந்தப் பிரகடனம்கூடத் தேவைப்படவில்லை. 2006 ஜூலையில் புலிகள் எங்கள் மாவட்டத்தின் மாவிலாற்று அணைக்கதவை மூடினார்கள். சிங்கள, முஸ்லிம் விவசாயிகளின் வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. அது பெரிய அநியாயம். அதற்குப் பதிலாக மனிதாபிமான நடவடிக்கை என்ற பெயரில் குண்டு விழுந்தது. ஆகஸ்டில் மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடியது. சம்பூர் ஆட்கள் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் போனார்கள். இவ்வளவும் நடக்கும்போது அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை 2008 ஜனவரி வரை காகிதத்தில் இருந்தது. அதிலிருந்து விலகும் முடிவையும் அமைச்சரவைதான் எடுத்தது. 2002இல் அதில் கையெழுத்திடும் முன்பும் பாராளுமன்றத்தில் வாக்கெடுக்கவில்லை.

மாதாமாதம் அவசரகாலச் சட்டத்துக்கு வாக்கெடுத்தார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். அவசரகாலப் பிரகடனத்துக்கு ஆயுள் ஒரு மாதம். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் செத்துவிடும். 2005 ஆகஸ்ட் தொடக்கம் 2011 ஆகஸ்ட் வரை அப்படித்தான் நீடித்தார்கள். தமிழ் உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள், பெரும்பான்மை கை உயர்த்தும், அடுத்த மாதமும் அதே கதை. அந்த விதிமுறைகளின் கீழ்தான் 2007 மேயில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர்பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தன. அவசரகாலம் 2011இல் முடிந்தும் காணி வரவில்லை. என் மைத்துனர் குடும்பம் கிளிவெட்டி முகாமின் தகரக் கொட்டிலில் கிடந்தது. 2015இல் திரும்பிப் போனபோது வளவில் மிஞ்சியிருந்தது கிணற்றுக் கட்டு மட்டும்தான். எல்லையைக் கண்டுபிடிக்கப் பற்றைக்குள் பழைய வேலிக் கதியாலின் அடிக்கட்டையைத் தேடினோம். வாக்களித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாக்கு இந்த வளவில் வந்து விழுந்தது தெரியும்?

ஆனாலும் வாக்கெடுப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஏப்ரல் 1இல் கோட்டாபய ராஜபக்ஷ பிறப்பித்த அவசரகாலத்தை அவரே 5ஆம் திகதி நீக்கினார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை ஆட்டம் கண்டுவிட்டது, அதுதான். பிரித்தானியாவில் 2013இல் சிரியா மீதான தாக்குதல் தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. பிரதமர் கமரூன் பின்வாங்கினார். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரச் சட்டப்படி, படையைச் சண்டைக்கு அனுப்பினால் ஜனாதிபதி 48 மணித்தியாலத்துக்குள் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாட்களில் படையை விலக்கத் தொடங்க வேண்டும். 2011இல் லிபியாவில் ஒபாமா அரசு, இது சட்டம் சொல்லும் அளவுக்கான சண்டையே இல்லை என்று வாதாடி அந்தக் கெடுவைத் தாண்டியது. அதனால் இங்கே எழுதும்போது "போர்" என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. விமானக் குண்டுவீச்சு, எறிகணை, வெளிநாட்டுப் படைக்கு இடம் கொடுப்பது எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். 1987இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில் எங்கள் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

திடீரென்று தாக்கினால் ஜனாதிபதி வாக்கெடுப்புக்குக் காத்திருக்க முடியாது, சரி. உடனே திருப்பி அடிக்கட்டும். ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் பாராளுமன்றம் கூட வேண்டும், 14 நாட்களுக்குள் வாக்கெடுக்க வேண்டும், மூன்று மாதத்தில் அனுமதி தானாகவே காலாவதியாக வேண்டும். நீடிப்புக் கேட்டு வரும்போது எத்தனை பொதுமக்கள் செத்தார்கள், எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள், யாருடைய காணி எடுக்கப்பட்டது என்ற அறிக்கையோடு வர வேண்டும். எதிர்க்கட்சியும் இருக்கிற ஒரு குழு படைத் தளபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். இரகசியம் என்றால் மூடிய கதவுக்குள் கேட்கட்டும்.

எங்கள் மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும் எந்தக் கட்சி என்று பாராமல் இந்தக் கோரிக்கையைப் புதிய அரசியலமைப்புக்கான யோசனையாக எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுப்பார்களா என்பதை உங்கள் பத்திரிகை அவர்களிடமே கேட்டு, பதிலைப் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.