உயிர்த்தவருக்கும் காயம் இருந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். வட்ஸ்அப்பில் கதைத்தால் நீ வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருப்பாய், இல்லாவிட்டால் லைன் வெட்டிவிடும். அதனால் இன்று பூசை முடிந்து வந்து, சமையலை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

போன கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் போனில் பதில் சொல்லவில்லை. "அம்மா, அந்தப் பிள்ளைகள் செத்த அதே உயிர்த்த ஞாயிறுதானே. எப்படி உங்களுக்கெல்லாம் அல்லேலூயா பாட வாய் வருகிறது?" என்றாய். குரலில் கோபம் இருந்தது. கோபமே இல்லாமல் கேட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

2019 ஏப்ரல் 21 ஐ உனக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நீ உடுப்புக்கூட மாற்றவில்லை, ஒன்பது மணி கழிந்து சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்தச் சத்தம் கேட்டது. அது எங்கள் சபை இல்லை. ஆனால் மட்டக்களப்பு டவுனில் யார் யாருக்குத் தூரம்? ஞாயிறு பள்ளிக்கூடம் முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். அதில் ஒன்று உன் ரியூசன் தோழியின் தம்பி. அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்த பிறகு நீ கோயிலுக்குள் கால் வைக்க ஒரு மாதிரி ஆகிவிட்டாய். அதை நான் கவனிக்காமல் இருக்கவில்லை. வற்புறுத்தினால் இன்னும் தூரப் போய்விடுவாய் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் 28. பயத்தில் நாடு முழுக்கப் பொதுப் பூசைகளை நிறுத்தியிருந்தார்கள். கொழும்பில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தொலைக்காட்சியில் போனது. நாங்கள் கேற்றைப் பூட்டி, கதவைப் பூட்டி, ரீவிக்கு முன்னால் இருந்தோம். அந்த ஞாயிறுக்குரிய நற்செய்தி எது தெரியுமா? யோவான் 20ஆம் அதிகாரம். சீடர்கள் பயத்தில் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்று தொடங்கும். அந்த வாசகத்தை எங்களுக்காக யாரும் தேடி எடுக்கவில்லை. பாஸ்காக் காலத்து இரண்டாம் ஞாயிறுக்கு வருடா வருடம் அதுதான். இன்றைக்கும் அதுதான் வாசித்தார்கள். எத்தனையோ வருடம் அந்த வரியைக் கேட்டும் கேளாமலும் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத் தாண்ட முடியவில்லை.

உயிர்த்த இயேசு பூட்டின கதவுக்குள்ளே வந்து நின்று முதலில் சமாதானம் சொன்னார். உடனே காயம்பட்ட கைகளையும் விலாவையும் காட்டினார். மறைக்கல்வி வகுப்பில் முதல் நன்மைக்கு, முதல் தரம் நற்கருணை வாங்க, ஆயத்தப்படுகிற ஒரு பெடியன் இந்த இடத்தில்தான் என்னை மடக்கினான். "ரீச்சர், செத்தவரையே எழுப்பின கடவுளுக்கு அந்தக் காயத்தை மாற்றத் தெரியாதா?"

நல்ல கேள்வி. பெரிய பெரிய புத்தகம் படித்தவர்களும் கேட்டிருப்பார்கள், ஆனால் இவ்வளவு நேராகக் கேட்டிருக்கமாட்டார்கள். அவனுக்கு நான் சொன்னது: "மாற்றியிருந்தால், வந்தது வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள் மகன்." அவனுக்கு அது போதும். உனக்குப் போதாது என்று தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின சனி இரவுப் பாஸ்காத் திருவிழிப்புக்கு நீ கடைசியாக வந்து பல வருடம். இந்த முறையும் கோயில் முற்றத்தில் சிரட்டையும் காய்ந்த பாளையும் அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். வாவிக் காற்று நாலு பக்கமும் சுழற்ற, புகை முழுக்கப் பாடகர் குழுவின் பக்கம் போனது. அப்பா இருமி இருமியே பாதிப் பாட்டைப் பாடி முடித்தார். நான் முன்னால் நின்றதால் பாதர் பாஸ்காத் திரியில், அந்தப் பெரிய மெழுகுதிரியில், செய்வதைக் கிட்டத்தில் பார்த்தேன். முதலில் சிலுவைக் கோடு. மேலே அகரம், கீழே னகரம், சுற்றி அந்த வருடத்தின் நாலு இலக்கம். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிலுவையில் குத்தினார். இரண்டு கை, இரண்டு கால், விலா. ஒன்று சரியாக ஏறவில்லை. பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், மெழுகு கொஞ்சம் உடைந்து கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் திரியைப் பற்றவைத்தார். கிறிஸ்துவின் ஒளி என்று மூன்று தரம் பாடி இருட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனது காயம் குத்தின அந்தத் திரியைத்தான்.

அந்தத் திரி ஐம்பது நாள், தூய ஆவியார் பெருவிழா வரைக்கும், பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு திருமுழுக்குத் தொட்டிக்குக் கிட்டப் போகும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது கொளுத்துவார்கள், அடக்கப் பூசையில் பெட்டிக்குப் பக்கத்தில் கொளுத்துவார்கள். உன் அம்மம்மாவின் பெட்டிக்கு அருகிலும் அப்படியொரு திரிதான் எரிந்தது. அப்படி ஒன்றில் பிடித்த நெருப்பில்தான் உன் ஞானஸ்நான மெழுகுதிரியை உன் ஞானத்தாய் பற்றவைத்தார்.

ஆக மகள், எங்களுடைய அல்லேலூயா காயத்தை மறந்துவிட்டுப் பாடுகிற பாட்டு இல்லை. தவக்காலம் முழுக்க வாயில் எடுக்காமல் வைத்திருந்து அந்த இரவு அதைப் பாடும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் அழுகை வருகிறது. 2019க்குப் பிறகு கூடுதலாக வருகிறது. பாட்டும் அழுகையும் சேர்ந்துதான் வருகின்றன. பாடாமல் விடலாம்தான். விட்டால் அந்த ஞாயிறு குண்டு கொண்டு வந்தவர்களுடைய ஞாயிறு ஆகிவிடும். அதை அவர்களுக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த ஊர்க் கோயில்களுக்குக் காயம் புதிதும் இல்லை. 1988 இல் சந்திரா பெர்னாண்டோ அடிகளாரைச் சுட்டார்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் புளியந்தீவு மரியாள் இணைப் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். அதே கோயிலில்தான் இன்றைக்கும் வரிசையில் போய் நன்மை வாங்குகிறோம்.

ஹேபர்ட் பாதரைப் பற்றி அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு, மிக்கேல் கல்லூரிப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு விழா அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பெடியனையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டார். வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படி எத்தனை ஆயிரம் பேர். காந்திப் பூங்காவில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரை நீயும் பார்த்திருக்கிறாய்.

யோவான் நற்செய்தியில் மகதலா மரியா இயேசுவின் கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, என் ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்கிறாள். நான் பூங்காவில் ஒரு தாயின் வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். ஆண்டவர் என்ற இடத்தில் மகன் என்று சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தாய் சைவம், பைபிளைத் தொட்டதே இல்லை. கடவுள் உயிர்ப்பின் முதல் செய்தியை இப்படி அழுத ஒரு பெண்ணிடம்தான் கொடுத்தார் என்பது எனக்குப் பெரிய விசயம். தேடிக்கொண்டிருந்தவளிடம் கொடுத்தார். (சீடர்கள் அந்தப் பெண்களின் பேச்சைப் பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள், லூக்கா எழுதுகிறார். பவுல் கொரிந்தியருக்குச் சாட்சிகளின் பட்டியல் போட்டபோதும் மரியாவின் பெயரைக் காணோம். 2016 இல்தான் பிரான்சிஸ் பாப்பரசர் அவளுடைய ஜூலை 22 நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்குரிய தரத்தில் விழாவாக உயர்த்தினார். சுணங்கினாலும் நடந்ததே.)

இன்னொன்றும் எனக்குத் தட்டுப்படும். உயிர்த்தவர் சாவுத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவிடம் போகவில்லை, தலைமைக் குரு கயபாவிடம் போகவில்லை. நானாக இருந்தால் முதலில் கயபாவின் வாசலில்தான் போய் நின்றிருப்பேன், இப்போது என்ன சொல்கிறாய் என்று. அவர் தம்மை விட்டு ஓடினவர்களிடம் போனார். அதற்காக நீதி வேண்டாம் என்று ஆகிவிடாது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் நட்டஈடு கட்டச் சொன்னது நல்லதுதான். என்றாலும் யார் ஏவினது, தெரிந்தும் யார் தடுக்காமல் விட்டது என்று ஒவ்வொரு ஏப்ரல் 21 உம் கேட்டுக்கொண்டுதான் இருப்போம். ஆனால் குண்டுக்காரரின் தலைவன் பிறந்த ஊர் என்பதற்காகப் பழியைக் காத்தான்குடியின் தலையில் போடமாட்டேன். எங்களுக்கு வழக்கமாகத் துணி தருகிற காத்தான்குடிக் கடைக்காரர் அந்தக் கிழமை கேற்றுக்கு வெளியே வந்து நின்று, ஒன்றும் பேச முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். நீ அதைப் பார்க்கவில்லை.

சரி, உன் விசயத்துக்கு வருகிறேன். "எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்றும் சொன்னாய். சீடர்களில் ஒருவரான தோமாவைக் கொஞ்சம் பார். முதல் ஞாயிறு அவர் அங்கே இல்லை. மற்றவர்கள் கண்டோம் கண்டோம் என்கிறார்கள். காயத்தில் கை போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார் இவர். அதற்குப் பிறகு ஒரு முழுக் கிழமை. அந்தக் கிழமையைப் பற்றி யோவான் ஒரு வரியும் எழுதவில்லை, எனக்கோ அதைப் பற்றித்தான் நினைப்பு. பத்துப் பேருக்குச் சந்தோசம், ஒருவர் மட்டும் நம்பாமல் அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு படுத்து எழும்பியிருக்கிறார். நம்பாதவன் வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. இவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த ஞாயிறு ஆண்டவர் வந்தபோது தோமா அவர்களோடு இருந்தார். ஆண்டவரும் அவர் கேட்டதையே கொடுத்தார், இதோ கை, இதோ விலா என்று.

உன்னிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். நம்பு என்று உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. எனக்கே ஒவ்வொரு நாளும் நம்பிக்கை ஒரே அளவில் இருப்பதில்லை. மெல்பேர்னில் உன் அறைக்குக் கிட்ட ஒரு கோயில் இருக்கிறது என்று மாமி சொன்னா. கடைசி வாங்கில் இரு. பாட மனமில்லாவிட்டால் பாடாதே, நன்மை வாங்க மனமில்லாவிட்டால் வாங்காதே. கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே இரு.

ஆண்டவர் பேதுருவுக்குக்கூட நம்பிக்கைப் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. திபேரியக் கரையில், விடியப்புறம், கரி நெருப்பில் மீனும் அப்பமும் வைத்துவிட்டு, முதலில் வந்து சாப்பிடுங்கள் என்றார். கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்தப் பேதுரு மறுதலித்ததும் ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்தில் நின்றுதான். கல்லடிப் பாலத்தடியில் விடிய விடிய வீச்சு வலை போட்டுவிட்டு ஒன்றும் படாமல் கரைக்கு வருகிறவர்களின் முகத்தை நீ பார்த்திருக்கிறாய்தானே. அந்த முகத்தோடு வந்தவர்களுக்குத்தான் அந்தச் சாப்பாடு.

ஊர்ப் புதினம் கொஞ்சம். முதல் நன்மைப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அந்தக் கேள்வி கேட்ட பெடியனின் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறாள், நன்மை நாளுக்கு லீவு கிடைக்காதாம். அவனுடைய சேர்ட்டை நானே தைக்கிறேன். உன்னுடைய பழைய தையல் பெட்டியை எடுத்தேன், கோபிக்காதே.

இரவு வேலை முடிந்து வந்து நித்திரை கொள்ளாமல் இதை வாசித்துக்கொண்டிருக்காதே. லீவு நாளில் வாசி. வாசித்துவிட்டுச் சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தால் சனிக்கிழமை எடு, அன்றைக்கு நான் வீட்டில்தான்.

அன்புடன்
அம்மா

பி.கு.: அப்பா பக்கத்தில் நின்று, வார்டில் உன்னோடு வேலை செய்கிற அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளை கோயிலுக்குப் போகிறவளா என்று கேட்கச் சொல்கிறார். துணைக்கு ஆள் தேடுகிறார் போல. நீயே அவருக்குப் பதில் சொல்லு.