மூன்று மணிக்கு ஒரு பஸ்

சென்னை நகரைத் திட்டமிடுகிற, குடிசைகளை அகற்றுகிற, பஸ் விடுகிற அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம். நேரில் வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறீர்கள். அதனால் மொத்தமாகவே எழுதிவிடுகிறேன்.

2019 டிசம்பரில், படிப்பு நடுவாண்டில், கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து இறக்கினீர்கள். கதையெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். எனக்கு வேண்டியது விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பஸ்.

அம்மா மீன் விற்பவர். கரையில் இருந்தவரை இருட்டோடு எழுந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீன் எடுப்பார். ஏழு மணிக்குள் புரசைவாக்கத்தில் முதல் போணி ஆகிவிடும். வாடிக்கை வீடுகள் இன்றும் அங்கேதான். மார்க்கெட்தான் 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வஞ்சிரமும் வவ்வாலும் கைமாறி, மிச்சம் மீதிதான் கிடக்கிறது. நாலு பெண்கள் சேர்ந்து ஆட்டோ வைத்தால் லாபத்தில் பாதி அதற்கே சரி. திரும்பும்போது இன்னொரு கூத்து. கழுவிக் கவிழ்த்த வெறுங்கூடைதான். ஆனாலும், "நாறுது, அடுத்த பஸ்ல வாம்மா" என்கிறார் கண்டக்டர்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. வராத பஸ்ஸிலும் டிக்கெட் இலவசம்தான்.

ஆற்றோரம் இருந்தால் வெள்ளத்தில் போய்விடுவோம் என்று சொல்லித்தான் அப்புறப்படுத்தினீர்கள். அப்படிப்பட்டவர்களைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலா குடிவைப்பது? 2023 டிசம்பர் புயலில் இங்கே தேங்கிய தண்ணீரை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். கூவம் கரையில் நடைபாதையும் பூங்காவும் போடுவதாகத் திட்டமாம். போடுங்கள். காலையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் வீட்டுக்கு மதியம் மீன் கொண்டுபோவது யார் என்பதையும் அந்த வரைபடத்தில் ஒரு மூலையில் குறித்துவிடுங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். பழைய இடத்தை இப்போது கேட்கவில்லை. மூன்று மணிக்கு ஒரு சாதாரண பஸ், அதில் கூடையோடு ஏறலாம் என்று எழுத்தில் ஒரு உத்தரவு. இந்த இரண்டையும் தயவுசெய்து செய்துகொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று சொன்னால் போதும், அம்மா இரண்டே முக்காலுக்கே நிறுத்தத்தில் இருப்பார். கூடை கழுவித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மீன்காரம்மாவின் மகள்