தம்பிக்கு, மாலை விருந்தைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. உன் மகளின் ஆலயத் திருமணத்துக்கு ஓர் அட்டை, மாலை விருந்துக்குத் தனியாக இன்னோர் அட்டை. இரண்டாவதை நான் அம்மாவிடம் காட்டவில்லை. இன்று அப்பாவின் நினைவு நாள். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் முடிவு செய்துவிட்டேன். திருமணத்துக்கு வருவோம், மாலை விருந்துக்கு வரமாட்டோம்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் மாலை விருந்தில் மது பரிமாறுவதில் தவறில்லை என்ற உன் வாதத்தைச் சித்தப்பா வீட்டார், மாமா வீட்டார் எல்லாரும் படிக்கும்படி குடும்பக் குழுவில் வைத்தாய். பதிலும் அவர்கள் கண்ணில் படட்டும். ஊரறிய எழுதுகிறேனே என்று வருந்தினால் மன்னித்துக்கொள். மணமகளின் அப்பாவை இந்த நேரத்தில் நோகடிக்க எனக்கு ஆசையில்லை.

"குடிப்பது பாவம் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு அக்கா" என்று கேட்டாய். காட்ட முடியாது, தம்பி. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தில் இருந்தது வெறும் பழச்சாறு என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தோம். எனக்கு அது ஒருநாளும் ஒட்டவில்லை. ஜனங்கள் திருப்தியடைந்த பிறகு ருசி குறைந்ததைக் கொடுப்பதுதான் வழக்கம் என்று பந்தி விசாரிப்புக்காரன் சொன்னது பழச்சாற்றைப் பற்றி இருக்க முடியாது. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருந்தான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். அவர்கள் குடித்தது என்ன என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். இயேசுவைப் போஜனப்பிரியன், மதுபானப்பிரியன் என்று தூற்றினார்கள். யோவான் ஸ்நானனை அப்படித் தூற்றவில்லை, அவர் தொடவேயில்லை. இருவரும் தேவனிடத்திலிருந்து வந்தவர்கள்தான். புளிக்காத திராட்சை ரசத்தைப் போத்தலில் கெடாமல் வைக்கும் வழியே 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் சபையார், தம் சபையில் அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்துக்காகச் செய்து பார்த்ததில்தான் பரவியது. அதற்கு முன் பதினெட்டு நூற்றாண்டுகள் சபை பாத்திரத்தில் எதை ஊற்றியது என்பது தெரிந்ததுதான்.

ஆக, நீ சொல்வது சரி. ஆனால் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் பதினான்காம் அதிகாரத்தைப் பவுல் சரியாகச் சொல்பவர்களுக்குத்தான் எழுதினார். எல்லாம் சுத்தமானது என்று தெரிந்தவனைப் பார்த்துத்தான், உன் சகோதரன் இடறுவான் என்றால், பலவீனப்படுவான் என்றால், மாம்சம் புசியாமலும் மதுபானம்பண்ணாமலும் இருப்பதே நல்லது என்றார். அறியாதவனிடம் அவர் இதைக் கேட்கவேயில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? உனக்கு நினைவில்லாத பகுதியைச் சொல்கிறேன். நீ பெங்களூரிலிருந்து முன்கூட்டியே வந்து, அம்மாவின் ஊறுகாய் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் கிராம்பும் போட்டு, துணியால் வாய்கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாய். இருபத்து நான்காம் தேதி மாலை அம்மா முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கீத பவனிக்குப் போகத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, திண்ணையில் காத்திருந்தார். குடியை விட்டபின் சில வருடங்களாகவே அவர்தான் பெட்ரோமாக்ஸ் தூக்குவார். பாடகர்கள் எல்லாம் மாறினாலும் விளக்கு அவர் கையில்தான். நீ சின்னக் கண்ணாடிக் கோப்பையோடு வந்தாய். அவர் உள்ளங்கையால் கோப்பையின் வாயை மூடினார். நீ சிரித்துக்கொண்டே, "வீட்டில் செய்ததுதானே அப்பா, இயேசுவே கல்யாணத்தில் கொடுத்தாரே" என்றாய். அடுப்படியில் ஜல்லிக்கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா கையை எடுத்தார். உடனே குடிக்கவில்லை, வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். அப்போது நீ உள்ளே கேக் எடுக்கப் போயிருந்தாய். அதனால்தான் உனக்குத் தெரியாது என்கிறேன். குடித்து முடித்ததும் எழுந்து போய்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர். விளக்கு தூக்கவும் போனார். எல்லா வீட்டுக்கும் போனார். ஆண்டின் கடைசி நாள் ஆராதனை முடிந்து நம்மோடுதான் அவர் திரும்பவில்லை.

பிறகு நடந்ததை இங்கே எழுதமாட்டேன். அந்தக் கோப்பைதான் அப்பாவைக் கொன்றது என்றும் சொல்லவில்லை, படிக்கிற யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது. மருத்துவமனைச் செலவு முழுவதையும் தாங்கியவன் நீ. பன்னிரண்டு வயதில் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, விழாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தவனும் நீதான். அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து, எது தன் அப்பாவைச் சாய்க்கும் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தும், அதையே ஒரு கோப்பையில் ஊற்றி வேத வசனத்தோடு நீட்டினான். இத்தனை காலம் இதைச் சொல்லாமல் இருந்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்லவில்லை.

சபையையும் நான் தப்பவிடவில்லை. அப்பாவை இராப்போஜனத்திலிருந்து விலக்கி வைத்தவர்களில் சிலர் சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தல் நேரத்தில் யார் வீட்டு மாடியில் கூடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை. 2003இல் மதுக்கடைகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியபோதும் நம் பிரசங்க பீடம் குடிகாரனைத்தான் வைதது, கடையை வையவில்லை. 2015இல் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட சசிபெருமாள் ஒரு காந்தியவாதி, நம் சபையார் அல்லர். அவருக்காக எங்கள் ஆலயத்தில் ஒரு ஜெபம்கூட ஏறெடுக்கப்படவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே ஒழுக்கக்காரர்களின் பக்கம் நின்று உன்னிடம் பேசுகிறேன் என்று நினைக்காதே.

"யாரோ ஒருவருடைய பலவீனம் என் வீட்டு விருந்துக்குச் சட்டம் போட முடியாது" என்றாய். யாரோ ஒருவர் இல்லை, தம்பி. இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார், எந்த மாதத்திலிருந்து எப்படி எழுந்து நடக்கிறார் என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் உன் மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். மாலையில் வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வந்தால் மதுக் கோப்பைத் தட்டு அவர் முன்னாலும் வரும். இரண்டில் எது நேர்ந்தாலும் கூனிக்குறுகப் போவது அவர்தான்.

திருப்பலிக்குத் திராட்சை மதுதான் வேண்டும் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை அசைந்துகொடுப்பதில்லை. அங்கேயே, குடிநோயில் விழுந்து எழுந்த ஒரு குரு, ஆயரின் அனுமதியோடு முஸ்தம் என்கிற, ஏறக்குறையப் புளிக்காத சாற்றைக் கொண்டு பலி நிறைவேற்றலாம். ஒரு மனிதருக்காகப் பலிபீடமே இவ்வளவு இறங்கி வருகிறது. ஒரு ஓட்டல் மண்டபத்தால் முடியாதா?

எரேமியா முப்பத்தைந்தாம் அதிகாரத்தை இன்று வாசித்தேன். தேவாலயத்தின் அறையிலேயே, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் ரேகாபியர் என்ற குடும்பத்தார் முன் வைத்துக் குடிக்கச் சொல்கிறார் தீர்க்கதரிசி. அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். குடிப்பது பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; எங்கள் தகப்பன் யோனதாப் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காகவே கர்த்தர் அவர்களை மெச்சிக்கொள்கிறார். நம் அப்பா நமக்கு அப்படி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்லும் நிலையில் அவர் இருந்ததில்லை. ஆனால் தாத்தா, கள் இறக்கினால் கிடைக்கும் காசை விட்டுவிட்டு, ஆயுள் முழுக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீரே இறக்கினார். அதை உன் மகளுக்குச் சொல்லியிருக்கிறாயா? அவள் தெரிந்துகொண்டு, பிறகும் கோப்பை வேண்டும் என்றால் அது அவளுடைய மனச்சாட்சி. நான் குறுக்கே வரமாட்டேன்.

என் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இனி வீட்டு ஒயினும் இல்லை. நீ வரும்போது தேடாதே.

காலை ஆராதனையில் நான் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். வாசிக்கிறேன். பகுதியை நீயே தேர்ந்தெடு. கானா கல்யாணம் வரும் யோவான் இரண்டாம் அதிகாரமாக இருந்தாலும் சந்தோஷமாகவே வாசிப்பேன். அம்மாவுக்குப் படியேற முடியாது, முன்வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி போடச் சொல். மதியச் சாப்பாட்டுக்கு இருந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்துவிட்டு, மாலை ரயிலுக்குக் கிளம்பிவிடுவோம்.

உன் அக்கா