காரில் பின்னால் வரச் சொன்ன கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரான்ஸ் நாட்டுப்புறச் சைக்கிள் பாதைகளைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது என்று அட்டையில் கண்டதும், வேலைக்குப் போகிற ரயிலில் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினேன். கடைசிப் பத்தியில், இந்தப் பாதைகள் பயிற்சி உள்ள இளைஞர்களுக்கே ஏற்றவை, குடும்பப் பெண்கள் வாடகைக் காரில் பின்னால் வந்து இயற்கை அழகை ரசிக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றதில், நான் இறங்க வேண்டிய நிலையம் கடந்துவிட்டது.

எனக்கு 58 வயது. மூன்று பிள்ளைகள், ஒரு பேரன். பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் இருக்கிறேன். பத்து வருடமாக இந்த நாட்டின் கிராமத்து வீதிகளில் சைக்கிள் உழக்குகிறேன். ஒருநாளும் காரில் யாருக்குப் பின்னாலும் போனதில்லை.

கட்டுரையில் பாதிக்கு மேல் மோன் வாந்து மலைக்கே போய்விட்டது. பெதுவான் கிராமத்திலிருந்து 21 கிலோமீட்டர், சராசரி ஏழரை சதவீத ஏற்றம், உச்சி 1,900 மீட்டருக்கு மேல். எல்லாம் உண்மைதான். பழகிய வீரர்களையே வாட்டி எடுக்கிற மலை அது. 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் அந்த ஏற்றத்தில்தான் சுருண்டு விழுந்து இறந்தார். ஆனால் அந்த ஒரு மலையைக் காட்டி, முழு நாடும் எங்களுக்கு ஆகாது என்று சொல்வது என்ன நியாயம்? இலங்கை மலைநாட்டின் நுவரெலியா ஏற்றத்தைக் காட்டி, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓட முடியாது என்று யாராவது சொல்வார்களா?

யாழ்ப்பாணம் என்றதும் இதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வீதி முழுக்கப் பெண் பிள்ளைகளின் சைக்கிள்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. அப்பாவின் றலி சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொடுத்து றேடியோவில் செய்தி கேட்டோம். நான் சுற்றுவேன், தம்பி காதை வைத்துக் கேட்டுச் சொல்லுவான். காய்ச்சலில் கிடந்த அம்மாவைக் கரியரில் இருத்தி, இடுப்போடு சேர்த்துச் சீலையால் கட்டி, ஆஸ்பத்திரிக்கு உழக்கிக்கொண்டு போனவள் நான். அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பார்த்தா காரில் வாருங்கள் என்கிறீர்கள்?

இங்கே வந்து இருபது வருடம் நான் சைக்கிளைத் தொடவில்லை. ஹோட்டல் அறை துப்புரவு வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன். பிறகு ஒரு பழைய சாமான் சந்தையில் 70 யூரோவுக்கு இரும்புச் சட்டம் போட்ட ஒரு சைக்கிள் வாங்கினேன். கல்யாண வீடுகளில், இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை, விழுந்து இடுப்பை உடைக்கப் போகிறாய் என்று சொல்லாத ஆள் இல்லை. உங்கள் கட்டுரையோ, மூவாயிரம் யூரோ சைக்கிள் இல்லாமல் கிளம்பாதீர்கள் என்கிறது. அந்த எழுபது யூரோ சைக்கிள்தான் என்னைப் பாரிசுக்குத் தென்மேற்கே இருக்கிற ஷார்த்ர் நகரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

லா கூர்நெவிலும் பாரிசின் 'கார் து நோர்' நிலையத்திலும் எங்கள் ஆட்கள் தினமும் ஏறுகிற அதே ஆர்.இ.ஆர். பி புறநகர் ரயிலின் ஒரு கிளை, தெற்கே சான் ரெமி லே ஷெவ்ரேஸில் போய் முடிகிறது. சனி, ஞாயிறில் எந்த நேரமும் சைக்கிளோடு ஏறலாம். இறங்கினால் ஷெவ்ரேஸ் பள்ளத்தாக்கு. குன்றின்மேல் பழைய கோட்டை, அப்புறம் தாம்பியேர் மாளிகை, பிறகு காடு. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ராம்பூயே நகரம். அங்கிருந்து ரயிலில் பாரிசின் மோன்பர்நாஸ் நிலையத்துக்கு வந்தால் இரவுச் சாப்பாடு வீட்டில். பாரிசிலிருந்து மோன் சான் மிஷெல் வரை சுமார் 450 கிலோமீட்டர் போகிற வெலோசேனி பாதையும் ராம்பூயே வழியாகத்தான் போகிறது. அதை நான் துண்டு துண்டாக, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஓடினேன். எபெர்னோன், மான்தெனோன் தாண்டிப் போஸ் சமவெளிக்குள் வந்தால், கோதுமை வயலுக்கு மேலே ஷார்த்ர் பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள் தெரியும். ஊரோ வீடோ ஒன்றும் தெரியாது, கோபுரம் மட்டும். கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும். எதிர்க்காற்றில் உழக்க உழக்கக் கிட்ட வராது. முதல் தடவை அதைப் பார்த்தபோது சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அழுதேன். ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வீதிகள் ஆபத்தானவை என்றும் கட்டுரை பயமுறுத்துகிறது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. அதோடு எந்த வீதியில் போவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. மிஷ்லான் வீதி வரைபடத்தில் பெரிய வீதிகளைக் காட்டுகிற சிவப்புக் கோடுகளை விட்டுவிட்டு, சின்ன வீதிகளைக் காட்டுகிற வெள்ளைக் கோடுகளைப் பிடித்தால் போதும். பக்கத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் அது வடிவான வீதி. மாவட்ட வீதி என்று பெயர் இருப்பதால் மட்டும் அமைதியாக இருக்காது. முன்பு தேசிய நெடுஞ்சாலையாக இருந்த பலவற்றை மாவட்டங்களிடம் கொடுத்துவிட்டார்கள், அவற்றில் லொறிகள் இன்னும் அப்படியே பறக்கின்றன. எச்சரிக்க வேண்டியது இதை. அது கட்டுரையில் இல்லை.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஒரு திங்கட்கிழமை, ஓகஸ்ட் வெயில். மூன்று கிராமம் தாண்டிவிட்டேன். திங்களில் பல ஊர்களில் பாண் (ரொட்டி) கடை பூட்டு. கபே இருந்த இடத்தில் பழைய பெயர்ப்பலகை மட்டும் கிடந்தது. போத்தலில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் ஒரு குழாய், பக்கத்தில் கம்பியில் வரிசையாகப் பச்சைப் பிளாஸ்டிக் பூவாளிகள். ஒரு முதிய அம்மா தன் புருஷனின் கல்லறைப் பூச்சட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்தாலே தலை முழுகுகிற எனக்கு உள்ளே கால் வைக்கத் தயக்கம். அவர் என் போத்தலைப் பார்த்தார். பூவாளியை நகர்த்திவிட்டுக் குழாயைக் காட்டினார். தண்ணீர் முதலில் சூடாக வந்தது. கொஞ்சம் ஓடவிடு, பிறகு குளிரும் என்று சொல்லி, தானே கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். போகும்போது 'போன் குராஜ்', தைரியமாகப் போ என்றார். இந்த நாட்டில் சைக்கிள் ஓடுகிற எல்லோருக்கும் கல்லறைத் தோட்டத்துக் குழாய் தெரியும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. உங்கள் வாசகர் ஒருவர் மயங்கி விழாமல் இருக்க இந்த ஒரு வரி போதுமே.

இன்னொன்று. லுவார் நதியைக் கட்டுரை முழுவதும் 'லோயர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியதால் வந்த பிழை. லுவார் ஆ வெலோ என்பது ஏறக்குறைய 900 கிலோமீட்டர் பாதை. நெவேர் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை போகிறது, பெரும்பாலும் சமதரை. நான் ஒர்லேயானிலிருந்து சோமூர் வரை ஆறு நாளில் போனேன். அந்த ஆறு நாளும் வழியில் கண்டவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்த பெண்கள். சிலர் தோழியரோடு, சிலர் தனியாக. குழந்தையை வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு போன தாய்மாரையும் கண்டேன். பின்னால் காரில் யாரும் வரவில்லை.

நான் உங்களுக்கு எழுதுவது இது முதல் தடவை அல்ல. 2023 ஓகஸ்டில் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் நடந்தபோது, 1,200 கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க இந்தியாவிலிருந்து வந்தவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். ராம்பூயேயில் நின்று பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு பதில் இல்லை. 2025இல் போலீன் பெரான்-பிரெவோ பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றார். 1989இல் ஷானி லோங்கோ வென்றதற்குப் பிறகு ஒரு பிரெஞ்சுப் பெண் வென்றது அதுதான். இங்கே கிராமத்துப் பாண் கடையிலும் அவர் வென்றதைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் கட்டுரையில் பெண் என்ற சொல் கார் இருக்கையில் மட்டும்தான் வருகிறது.

இந்த நினைப்பு கட்டுரையாளருக்கு மட்டும் உரியது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சிறு நகரத்தில் சங்கிலி அறுந்து சைக்கிள் கடைக்குப் போனேன், கூட என் மகன். கடைக்காரர் கேள்வி எல்லாவற்றையும் அவனிடமே கேட்டார். அம்மா எவ்வளவு தூரம் ஓடுவா, அம்மாவுக்குக் கியர் மாற்றத் தெரியுமா என்று. அம்மா எதிரில்தான் நின்றாள். அந்நியர் ஒருவர் அப்படி நினைத்தது ஒருநாள் வலி. சொந்த மொழிப் பத்திரிகை அதையே அச்சடித்துத் தருகிறபோது அது ஆறவில்லை.

கட்டுரையாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம் இருக்கிறது. ஆனாலும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சிறிய பெட்டிச் செய்தி போடுங்கள். அந்தக் கடைசிப் பத்தி தவறு என்று ஒரு வரி, லுவார் என்ற பெயர் சரியான எழுத்தில், சான் ரெமி வரை ரயிலில் சைக்கிள் கொண்டுபோகலாம் என்ற தகவல், கல்லறைத் தோட்டத்துக் குழாய். உங்கள் இதழில் ராசிபலனுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. அது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
லா கூர்நெவ், பிரான்ஸ்