ஈரல் நோயாளியைக் காலம் தாழ்த்தி அனுப்பலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

ஈரல் மாற்று சத்திரசிகிச்சை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் ஸ்டார்ஸ்ல் முதன்முதலாக ஒரு பிள்ளைக்கு இதைச் செய்தபோது, அந்தப் பிள்ளை சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தது. இன்று நல்ல நிலையங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் முதல் வருடத்தைத் தாண்டுகிறார்கள். நமது நாட்டிலும் கொழும்பு, ராகம அரச வைத்தியசாலைகளில் இது நடக்கிறது. ஆனால் மட்டக்களப்பு நோயாளிகளில் கனபேர் அந்த வாசலுக்குப் போய்ச் சேரும் முன்பே காலம் கடந்துவிடுகிறது.

தாதிய உத்தியோகத்தராக வார்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி குடித்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். வயிறு வீங்கியதும் வருவார்கள். நீர் எடுத்ததும் சுகம் கண்டதாக நினைத்துப் போய்விடுவார்கள். அடுத்த முறை இரத்த வாந்தியோடும், அதற்கடுத்த முறை ஆள் அடையாளம் தெரியாத மயக்கத்தோடும் தூக்கி வருவார்கள். கிருமி பரவி, சிறுநீரகமும் விழுந்த பிறகு எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் துணிந்து கத்தி வைக்க மாட்டார். வயிற்றில் முதன்முறை நீர் கட்டும்போதே ஈரல் மாற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்க வேண்டும். பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் என்ற மூன்று இரத்தப் பரிசோதனைகளிலிருந்தே ஈரல் நோயின் கடுமையைக் காட்டும் ‘மெல்ட்’ என்ற புள்ளியைக் கணக்கிடலாம். அது 15ஐத் தொட்டால் நோயாளியை ஈரல் நிபுணர்களிடம் அனுப்புவது உலக வழக்கம். நம் பகுதியிலும் அது கட்டாய நடைமுறையாக வேண்டும்.

ஈரல் பழுது என்றாலே குடிகாரன் என்ற பேச்சும் ஆட்களை ஒளிக்க வைக்கிறது. கசிப்பு கெடுத்த குடும்பங்கள் இங்கு ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டும் தொடாத, நீரிழிவுள்ள தாய்மாருக்கும் கொழுப்பு படிந்து ஈரல் சுருங்குகிறது. குடித்தவர்களுக்குக்கூட, அதை அடியோடு விட்டால் மாற்றே தேவையில்லாத அளவுக்கு ஈரல் தேறுவதுண்டு. இதை யாராவது அவர்களிடம் சொல்கிறோமா?

உறவினர் ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்தாலும், சில மாதங்களில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனாலும் கொடுப்பவருக்குச் சிறிய அளவில் உயிராபத்து உண்டு. அவரும் குடும்பமும் எல்லாவற்றையும் தமிழில், ஆறுதலாகக் கேட்டு விளங்கிய பின்பே கையெழுத்து வைக்க வேண்டும். மூளைச் சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்ய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. கண் தானத்துக்குப் பேர்போன நாடு இது. ஈரலைப் பற்றியும் வீடுகளில் கதைக்க வேண்டும்.

சுகாதார அமைச்சிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ராகம அல்லது கொழும்பு ஈரல் மாற்றுக் குழுவினர் குறித்த நாட்களில் மட்டக்களப்புக்கு வந்து கிளினிக் நடத்தட்டும். இடைப்பட்ட நாட்களில் இங்குள்ள வைத்தியர்கள் அவர்களோடு காணொளியில் கலந்து பேசலாம். மாற்று ஈரல் பெற்றவர் ஆயுள் முழுவதும் மருந்து எடுக்க வேண்டும், இரத்தத்தில் அதன் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகக் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் வாகரையிலிருந்தும் ஒவ்வொரு முறையும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு இரவு ரயில் ஏறக் கூலித் தொழிலாளியால் முடியாது. அந்த இரத்த மாதிரியை மட்டக்களப்பிலேயே எடுத்து அனுப்ப ஒழுங்கு செய்யுங்கள்.

ஓய்வுநிலைத் தாதிய உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.