பூம் லிஃப்ட் எடுக்கும் கம்பெனிகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும்: கீழே நிற்கிறவருக்கும் சொல்லிக் கொடுங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷெட் கட்டுகிறவர்களுக்கும் ஆலை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் எலெக்ட்ரீசியன். சிங்கப்பூரில் 9 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது இந்தப் பக்கத்து ஷெட்களில் கேபிள் ட்ரே, லைட் வேலை எடுத்துச் செய்கிறேன். போன மாதம் ஒரு சைட்டில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயிண்ட் அடிக்க வந்த ஒடிசாப் பையன், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், பூம் லிஃப்ட் (நீளும் இரும்புக் கையின் நுனியில் கூடை வைத்து ஆளை உயரத்துக்குத் தூக்கும் மெஷின்) கூடையில் நின்று, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸுக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்று ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியவர் தலைக்கு மேலே பார்க்கவில்லை. முதுகு இரும்பில் முட்டி, நெஞ்சு கண்ட்ரோல் பேனல் மேல் அழுந்திவிட்டது. அந்த நிலைமையில் உடம்பே ஜாய்ஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருக்கும், மெஷின் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். நல்ல வேளை, மெஷின் ஓட மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய பெடலிலிருந்து கால் வழுக்கியதால் மெஷின் நின்றது. ஆனால் அவரால் அசையவோ கத்தவோ முடியவில்லை. கீழே நான்கு பேர் அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் ஏணி எடுக்க ஓடினார். மெஷினின் அடியிலேயே இன்னொரு கண்ட்ரோல் இருக்கிறது, சாவியைத் திருப்பி அங்கிருந்தே கூடையை இறக்கலாம் என்பது அந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது. நான் ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து இறக்கினேன். விலா எலும்பில் அடியோடு பிழைத்தார்.

ஓட்ட யார் கற்றுக் கொடுத்தது என்று அப்புறம் கேட்டேன். மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய லாரியோடு வந்தவர் ஐந்து நிமிஷம் காட்டிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான்.

அதைப் பயிற்சி என்று நீங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே முறையாகக் கற்றவருக்கு, இந்த மாடலில் எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டித் தருவதற்குப் பெயர்தான் அது. அதுவும் வேண்டும்தான், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி பேனல் மாறும். ஆனால் அடிப்படையே தெரியாதவருக்கு அந்த ஐந்து நிமிஷம் எதையும் கொடுக்காது.

சிங்கப்பூரில் உயரத்து வேலைக்கென்றே 2013-இல் தனி விதிமுறை வந்தது. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. அங்கே நான் போன பூம் லிஃப்ட் கோர்ஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மத்தியானம் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொருவரையும் கூடையில் ஏற்றி, மயங்கிவிட்ட மாதிரி இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொருவரைக் கீழே நிறுத்தி இறக்க வைத்தார். எஞ்சின் நின்றுபோனால் எப்படி இறக்குவது என்பதையும் செய்ய வைத்தார். எனக்கு முதல் தடவை கை நடுங்கியது, சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. அந்த ஒரு மத்தியானம்தான் போன மாதம் எனக்குக் கைகொடுத்தது.

1983-இல் தொடங்கிய ஐபாஃப் (IPAF) என்ற சர்வதேச அமைப்பு உலகம் முழுக்க இந்த மெஷின்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறினால் PAL கார்டு என்ற ஓட்டுகிறவருக்கான அட்டை தருவார்கள், 5 வருஷம் செல்லும். நேராக மேலே போகும் சிசர் லிஃப்ட் 3ஏ, கை நீட்டும் பூம் லிஃப்ட் 3பி, இரண்டும் தனித்தனி வகை. சிசரில் பழகியவரை "எல்லாம் ஒண்ணுதான், ஏறு" என்று பூமில் ஏற்றுவதை நான் இங்கே பல தடவை பார்த்துவிட்டேன். ஒண்ணே இல்லை. பூமை நீட்டி வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தும்போது சக்கரம் ஒரு சாண் பள்ளத்தில் இறங்கினால் கீழே லேசான குலுக்கல்தான், மேலே கூடையோ கவணில் வைத்த கல்லை வீசுவது போல ஆளை வெளியே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் பெல்ட் கொக்கியைக் கூடைக்குள் இருக்கும் வளையத்திலேயே மாட்ட வேண்டும், கயிறும் குட்டையாக இருக்க வேண்டும். நம்ம ஆட்கள் அதைக் கொண்டுபோய் ட்ரஸ்ஸில் மாட்டுகிறார்கள், பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், கூடை கொஞ்சம் நகர்ந்தாலும் ஆளை வெளியே இழுத்துவிடும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதேபோல, மேல் பாகத்தைப் பின்பக்கம் திருப்பிவிட்டால் முன்னே போகத் தள்ளும் ஜாய்ஸ்டிக் வண்டியைப் பின்னே கொண்டுபோகும். அடிச்சட்டத்தில் ஒட்டியிருக்கும் கலர் அம்புக்குறியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இதையெல்லாம் ஆள் தானாகக் கண்டுபிடிக்க விட்டால், கண்டுபிடிக்கிற நாளில் பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்கும்.

இன்னொரு விஷயம், மொழி. கூடையில் தொங்கும் டப்பாவில் புத்தகம் இருக்கிறது, ஆங்கிலத்தில். ஏறுகிறவர் ஒடிசா, பீகார், இல்லையென்றால் நம்ம திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். பயிற்சியை அவரவர் மொழியில் வாயால் சொல்லி, மெஷினில் தொட்டுக் காட்டி நடத்துங்கள். கையெழுத்து வாங்கிய தாளை ஃபைலில் வைத்தால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று ஆகாது.

ஒரு நாள் வேலை போகும் என்பீர்கள். போகும்தான். நானும் ஆட்களை வைத்து வேலை எடுக்கிறவன், அந்த ஒரு நாள் எவ்வளவு என்று தெரியும். மெஷினின் நாள் வாடகையைக் கொட்டேஷனில் போடுகிறீர்கள் இல்லையா, ஓட்டுகிறவருக்கும் கீழே நிற்கிறவருக்குமான பயிற்சிச் செலவையும் அதே கொட்டேஷனில் ஒரு வரியாகப் போடுங்கள்.

உடனே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த மெஷின் உங்கள் கேட்டுக்குள் வரும்போது, டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கீழே நிற்கப்போகிறவரைக் கூப்பிடுங்கள். காலிக் கூடையை இரண்டு ஆள் உயரம் தூக்கி நிறுத்தி, அவர் கையாலேயே கீழே இறக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் அதைக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஷெட்களில் லைட் மாட்டும் ஒரு எலெக்ட்ரீசியன்